ஹெரான் தீவில் ஒரு நாள்: கடல் வற்றும் நேரம் பார்த்துத் திட்டமிடுங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கிளாட்ஸ்டன் என்றொரு துறைமுக ஊர் உண்டு. அங்கிருந்து கடலுக்குள் சுமார் 72 கிலோமீட்டர் போனால் ஹெரான் தீவு வரும். கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரும் பவளத்திட்டுத் தொடரின் தெற்குப் பகுதியில், மகர ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 800 மீட்டர், அகலம் 300 மீட்டர். மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

பவளத்திட்டைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக வடக்கே கெயின்ஸ் நகரத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே படகேறி வெகுதூரம் போய், சில மணி நேரம் நீந்திவிட்டுத் திரும்ப வேண்டும். முதல் தடவை பார்க்கப்போகிறவர்களுக்கு நான் ஹெரானைத்தான் சொல்வேன். இந்தத் தீவே பவளத் துகள்கள் குவிந்து உண்டான மணல்மேடு. கரையிலிருந்து நாலு அடி இறங்கினால் காலடியில் பவளத்திட்டு தொடங்கிவிடுகிறது. கடல், காடு, கரை என்று மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பொழுதைத் தீர்மானிப்பது கடிகாரம் கிடையாது, கடலின் ஏற்றமும் வற்றமும்தான். எப்போது நீந்துவது, எப்போது திட்டின் மேல் நடப்பது, எப்போது ஆமைக்காகக் காத்திருப்பது எல்லாம் அதை வைத்தே முடிவாகும். இது தெரியாமல் போனால், ஆமை வந்துபோன கரையில் தடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

போவதற்கு முன்

காலையில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலா இங்கே இல்லை. தீவில் ஒரு விடுதியும், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் விடுதியில் அறை எடுத்துத் தங்கினால்தான் உண்டு. கூடாரம் போட இடமில்லை. கூடாரம்தான் வேண்டும் என்றால் அருகிலுள்ள நார்த் வெஸ்ட், மாஸ்ட்ஹெட், லேடி மஸ்கிரேவ் தீவுகளுக்கு அனுமதி வாங்கிப் போகலாம். ஆனால் அது முன்னனுபவம் உள்ளவர்களுக்கானது. குடிதண்ணீர் முதல் எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டும்.

மாதம் முக்கியம். ஆமைகள் முட்டையிட ஏறுவது ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை. குஞ்சுகள் வெளிவருவது ஜனவரியிலிருந்து மே வரை. இரண்டும் சேர்ந்து நடப்பது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. பறவைகளும் அப்போது கூட்டோடும் குஞ்சோடும் இருக்கும். வெயிலும் புழுக்கமும் அதிகம்தான், புயல் காலமும்கூட. ஆனாலும் முதல் பயணத்துக்கு நான் அந்தப் பருவத்தையே தேர்ந்தெடுப்பேன். ஜூன் முதல் அக்டோபர் வரை வந்தால் ஆமை ஏறாது. பதிலாகக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கடந்துபோவதைப் பார்க்கலாம்.

தேதி முடிவானதும் ஹெரான் தீவின் ஏற்ற வற்ற அட்டவணையை இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். முதல்முறை வருகிறவர்கள் இந்த நாட்களைப் பிடிப்பது நல்லது. வற்றம் நன்றாக இறங்கினால்தான் திட்டின் மேல் தூரம் நடக்க முடியும்.

பையில் என்ன வைப்பது? கெட்டியான அடிப்பாகமுள்ள பழைய மூடிய ஷூ ஒரு ஜோடி. அது கடலில் நனையும், பரவாயில்லை. முழுக்கை நீச்சல் சட்டை. பைனாகுலர். சிவப்பு ஒளி தரும் சிறிய டார்ச். கிண்ணென்று பொருந்தும் தொப்பி. இது வெயிலுக்கு மட்டுமில்லை, மரமெல்லாம் பறவைகள், எச்சம் விழுந்தபடியே இருக்கும். இரவில் தூக்கம் வேண்டுமென்றால் காதடைப்பான். படகில் கடல் ஆட்டம் அதிகமாக இருக்கும், வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஷூவின் அடியைத் துலக்கி மண், விதை எதுவும் ஒட்டியிராமல் பாருங்கள். நிலத்திலிருந்து ஒரு களைவிதையோ எறும்புக் கூட்டமோ போய்ச் சேர்ந்தால் இத்தனை சிறிய தீவு தாங்காது.

இனி ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி தொடக்கம், அமாவாசையை ஒட்டிய நாள். காலை 8 மணி வாக்கில் ஏற்றம், பிற்பகல் 2 மணி வாக்கில் வற்றம், இரவு 8 மணிக்கு மேல் மறுபடி ஏற்றம். உங்கள் நாளில் நேரம் வேறாக இருந்தால், கீழே சொல்வதை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

விடியுமுன் 4:30

அலாரம் வைக்கத் தேவையிருக்காது. ஆப்புவால் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் காட்டு மணலில் வளை தோண்டிக் கூடு வைத்திருக்கின்றன. இரவு முழுக்க ஜோடி ஜோடியாகக் கத்தும். பச்சைக் குழந்தை வீறிட்டு அழுவது போலவே இருக்கும், தெரியாதவர்கள் பயந்துபோவார்கள். அக்டோபரில் வரும் இவை ஏப்ரல், மே வரை தீவில் இருக்கின்றன.

கடலில் அழகாகச் சறுக்கிப் பறக்கும் இந்தப் பறவைக்குத் தரையில் நடக்கவே வராது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பவும் முடியாது. விடியுமுன் வளையிலிருந்து வெளியே வந்து, திறந்த வெளியில் தத்தித் தத்தி ஓடி, வேகம் பிடித்த பிறகுதான் காற்றில் ஏறும். அதனால் மனிதர்கள் போட்ட நடைபாதைகளையே ஓடுபாதையாக வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, பாதையின் ஓரமாக ஒதுங்கி, டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே நிற்பது. காலுக்குப் பக்கத்திலேயே ஓடிப்போகும். பாதையை விட்டுக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். மணல் உள்ளுக்குள் குடைந்து கிடக்கிறது. மிதித்தால் வளை இடிந்து குஞ்சு புதைந்துவிடும்.

வெளிச்சம் வரத் தொடங்கியதும் கரைக்குப் போங்கள். இரவு பிந்தி ஏறிய ஆமை ஏதாவது இன்னும் மணலில் இருக்கலாம், கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கலாம். அதன் பாதையில் குறுக்கே போகாமல், பின்னால் தள்ளி நின்று பாருங்கள். சூரியன் 5:20 வாக்கில் உதிக்கும்.

காலை 7 முதல் 9:30 வரை: நீர் ஏறியிருக்கும்போது நீந்துங்கள்

ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக இறங்கினால் போதும். பவளங்களுக்கு மேல் நீர் தாராளமாக இருக்கும். வயிறும் முட்டியும் உரசாது. முகமூடி, சுவாசக் குழாய், துடுப்பு மூன்றையும் விடுதியிலேயே வாடகைக்கு எடுக்கலாம். நீச்சல் சுமாராகத்தான் வரும் என்றால் மிதவைச் சட்டையும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மிதவை போட்டவர் பதறாமல் கிடப்பார். பதறாதவரிடம்தான் மீன்கள் நெருங்கும்.

தனியாக இறங்காதீர்கள். படகு வரும் வாய்க்காலில் நீந்தாதீர்கள். ஏற்றம் முடிந்து நீர் இறங்கத் தொடங்கினால் திட்டின் மேல் இருக்கும் தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாக வெளியே பாயும். அந்த இழுப்பில் மாட்டினால் நல்ல நீச்சல்காரருக்கும் சிரமம். எங்கே இறங்கலாம் என்று அன்று காலை விடுதிப் பணியாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

தண்ணீருக்குள் எதையும் துரத்த வேண்டாம். ஒரு பவளக் கொத்தின் அருகே பத்து நிமிடம் அசையாமல் மிதந்து பாருங்கள். கிளிமீன் பாறையைக் கடித்து அரைக்கும் சத்தம் காதில் கேட்கும். அது மென்று கழிக்கும் தூளும் சேர்ந்துதான் இந்தத் தீவின் வெண்மணல். பேராமை ஒன்று பாசியை மேய்ந்துகொண்டிருக்கும். கருநுனிச் சுறா வந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றரை மீட்டர் வளரும், மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும்.

பவளத்தின் நிறத்தையும் கவனியுங்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது வெளுத்த பவளம். கடல் அளவுக்கு மேல் சூடானால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. அந்த நிலையில் பவளம் உயிரோடுதான் இருக்கும், பட்டினி கிடக்கும். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் மீளும். நீடித்தால் இறக்கும், அதன் எலும்புக்கூட்டின் மேல் பழுப்புப் பாசி படரும். 2024 தொடக்கத்தில் இந்தத் தெற்குப் பகுதியிலும் கடுமையாக வெளுத்தது. ரொம்ப காலம் வடக்கைவிடத் தப்பித்துவந்த பகுதி இது என்பதால், பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. உங்கள் பங்குக்கு, பவளத்தைத் தொடாமலும் துடுப்பால் உதைக்காமலும் இருங்கள். சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

10 மணிக்கு மேல்: காடு

உச்சி வெயிலில் கரையில் நிற்க முடியாது. காலை உணவை முடித்துவிட்டு மர நிழலுக்குள் போங்கள்.

இந்தக் காட்டின் பெரும்பகுதி ஒரே மரம், பிசோனியா. அகலமான வெளிர்ப்பச்சை இலை, மிருதுவான கட்டை. அதைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்கு எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு முற்றத்தில் வளர்த்து, வாயுவுக்கு நல்லது என்று கடைந்து சாப்பிடும் லச்சக்கொட்டைக் கீரை இதே இனத்தைச் சேர்ந்ததுதான். நம் ஊரில் ஒடித்து ஒடித்துச் செடியாக வைத்திருப்பதை இங்கே ஓங்கிய காடாகப் பார்க்கலாம். கீரை பறிக்க நினைக்காதீர்கள், இது தேசியப் பூங்கா.

அந்த மரங்களில் கிளைக்குக் கிளை உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பறவை, வெள்ளைத் தொப்பி வைத்தது, பிளாக் நாடி என்ற ஆலா வகை. பருவத்தில் பல பத்தாயிரம் இருக்கும். தரையில் உதிர்ந்த பிசோனியா இலையை அலகால் எடுத்துக்கொண்டு போய், எச்சத்தையே பசையாக்கி ஒட்டி ஒட்டிக் கூடு கட்டும். ஒரு கூட்டுக்கு ஒரே முட்டை. ஆண் ஒவ்வொரு இலையாகக் கொண்டுவந்து பெண்ணிடம் நீட்டும். சில இலைகளைப் பெண் வாங்கிக்கொள்ளும், சிலதை அப்படியே கீழே போட்டுவிடும். கூடுகள் தலைக்கு எட்டும் உயரத்தில்கூட உண்டு. ஒரு கூட்டுக்கு எதிரே நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். நாள் முழுக்க நடந்து நூறு பறவை பார்ப்பதைவிட இது நிறைவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இந்த மரத்துக்கு ஒரு கடுமையான பக்கமும் இருக்கிறது. பிசோனியா விதை கொத்துக் கொத்தாகப் பசையோடு இருக்கும். பறவையின் சிறகில் ஒட்டிக்கொண்டு வேறு தீவுக்குப் போவது அதன் வழி. சில நேரம் அளவுக்கு மேல் ஒட்டிக்கொண்டால் பறவையால் பறக்க முடியாது, தரையில் கிடந்தே இறந்துபோகும். அந்த உடலும் எச்சமும்தான் வெறும் மணலில் நிற்கும் மரத்துக்கு எரு. தரையில் தவிக்கும் நாடியைப் பார்த்தால் மனசு கேட்காது. ஆனால் பிடித்து விதையைப் பிய்க்க முயலாதீர்கள். விலங்குகளைக் கையால் தொட இங்கே அனுமதி கிடையாது.

போகிற வழியில் வரிபோட்ட கானாங்கோழிகள் காலைச் சுற்றும். சாப்பாட்டு மேசையிலிருந்து ரொட்டியை இழுத்துப்போகும் துணிச்சல்காரர்கள், நீங்களாக எதுவும் போடாதீர்கள். வெள்ளைக்கண்ணிக் குருவியையும் தேடுங்கள். நிலப்பகுதியில் இருக்கும் இனத்தைவிட இந்தத் தீவுக் குருவி பெரியது. சிலவற்றின் காலில் ஆய்வாளர்கள் போட்ட வண்ண வளையம் தெரியும்.

பகல் 12:30 முதல் 3 வரை: திட்டின் மேல் நடை

வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். நீர் பின்வாங்கிப் போகப் போகக் கூடவே நடக்கலாம். அட்டவணை சொல்லும் வற்ற நேரத்தில் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். நீர் திரும்பி ஏறும்போது நாலா பக்கத்திலிருந்தும் வரும். கரை தூரத்தில் இருக்கும். ஏறும்போதுதான் தெரியும் எவ்வளவு வேகம் என்று.

முதல்முறை வருகிறவர்கள் விடுதி வழிகாட்டியோடு போவதே நல்லது. கையில் ஒரு கோல், கண்ணாடி அடிவைத்த ஒரு வாளி அல்லது பெட்டி கொடுப்பார்கள். நீரின் மேல் வைத்துப் பார்த்தால் அடிவரை தெளிவாகத் தெரியும். பவளத்தில் மிதிக்காமல், வெண்மணல் தெரியும் இடங்களில் மட்டும் கால் வையுங்கள். மணலிலும் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். புதைந்து படுத்திருக்கும் திருக்கை சத்தம் கேட்டு விலகிப்போகும். ஷூவைக் கழற்றவே கூடாது. கல்மீன் நிஜமாகவே கல்லைப் போலக் கிடக்கும், அதன் முதுகுமுள் ஏறினால் வலி தாங்காது. அழகாக இருக்கிறதே என்று கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசியால் குத்தும், சில இனங்கள் ஆளைக் கொல்லும்.

பார்ப்பதற்கு என்னென்ன? கறுப்புக் கடல் அட்டைகள் எங்கும் கிடக்கும், மேலே மணல் பூசியபடி. மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளுகின்றன. மன்னார் வளைகுடாவில் இதே அட்டைக் குலத்தைக் கடத்தி அகப்பட்டவர்கள் செய்தி அடிக்கடி வரும். இந்தியாவில் 2001 முதல் பிடிக்கத் தடை. இங்கே அவை எவ்வளவு நிம்மதியாகக் கிடக்கின்றன என்று பார்க்கும்போது, நம் கடலும் இப்படி இருக்கலாமே என்று ஆசையாக இருக்கிறது. பாறையில் பதிந்த ராட்சதச் சிப்பிகள் நீலமும் பச்சையுமாக உதடு விரித்திருக்கும். உங்கள் நிழல் பட்டால் மூடிக்கொள்ளும், அதனால் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து நெருங்குங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் எபோலெட் சுறா. ஒரு மீட்டருக்கும் குறைவான நீளம், தோளில் பெரிய கறுப்புப் பொட்டு. வற்றத்தில் குட்டைகளில் தேங்கும் நீரில் பிராணவாயு குறைந்துபோனாலும் தாக்குப்பிடிக்கும். துடுப்புகளை ஊன்றி அடியில் நடந்தே போகும். அதைப் பார்க்கப் பவளத்தின் அடி நிழலில் தேடுங்கள். ஏதாவது கல்லைப் புரட்டிப் பார்த்தால் அப்படியே மெதுவாகப் பழையபடி வைத்துவிடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயிலில் காய்ந்துவிடும்.

நிமிர்ந்தும் பாருங்கள். 1843இல் ஃபிளை என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் இங்கே வந்தபோது நாரைகள் (ஆங்கிலத்தில் ஹெரான்) என்று நினைத்து தீவுக்குப் பெயர் வைக்கக் காரணமான கடற்கரைக் கொக்குகள் திட்டில் நடந்துகொண்டிருக்கும். ஒன்று தூய வெள்ளை, இன்னொன்று கரும்சாம்பல். இரண்டும் ஒரே இனம். கல்திருப்பி உள்ளான்களும் இருக்கும். வட துருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து வருகிறவை. கோடியக்கரைக்கு வருவதும் இதே இனம்தான்.

மாலை 4:30

குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, கிழக்கு முனையில் ஷார்க் பே என்று சொல்லும் கரைக்கு நடந்து போங்கள். நீர் ஏறிவரும்போது திருக்கைகளும் கருநுனிச் சுறாக்களும் முழங்கால் ஆழத்திலேயே சுற்றும். மணலில் நின்றபடியே பார்க்கலாம், போலராய்டு கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவு. படகுத்துறைப் பக்கமும் சுறாக்களும் திருக்கைகளும் வரும். அங்கே துருப்பிடித்துக் கிடப்பது புரொடெக்டர் என்ற 1884ஆம் ஆண்டுப் போர்க்கப்பலின் உடல். அலைத்தடுப்பாகக் கொண்டுவந்து போட்டார்கள்.

6:30 வாக்கில் சூரியன் இறங்கும்போது மணலில் கண் வையுங்கள். மணல் சூடு தணிந்ததும் ஆமைக்குஞ்சுகள் கும்பலாக மேலே வரும். சிறு பள்ளம் விழுந்து, மணல் அசைந்து, ஒன்றிரண்டு தலை தெரியும். பிறகு ஒரேயடியாகப் பொங்கிவரும். அசையாமல் நில்லுங்கள், காலடியில் வந்துவிடும். டார்ச் வேண்டாம், போன் வெளிச்சமும் வேண்டாம். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும். இயல்பில் அது கடலின் மேலுள்ள வானவெளிச்சம். உங்கள் போன் அதைத் திசைதிருப்பிவிடும். கடற்காகம் தூக்கிக்கொண்டு போகும், நீரில் சுறா காத்திருக்கும், பார்க்கவே பதறும். ஆனாலும் கையில் எடுத்துக் கடலில் விடாதீர்கள். ஓடிக் கடலைச் சேர்வது அதற்கான பயிற்சி.

இரவு 7 முதல் 10:30 வரை: பேராமை

பேராமை ஏற்றத்தை ஒட்டித்தான் கரையேறும். நீர் குறைவாக இருந்தால் பவளத்திட்டைக் கடந்து வர முடியாது. அதனால் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் கரையில் இருந்தால் போதும். சென்னையில் பங்குனி ஆமையைத் தேடி இரவு நடை போனவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமானதுதான். ஆனால் இது உருவத்தில் அதைவிட மிகப் பெரியது, நூறு கிலோவுக்கு மேல்.

கரையின் மேல் ஓரத்தில் ஓரிடமாக உட்காருங்கள். நிலவில்லாத இரவிலும் பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். நீரோரத்தில் பாறை போல ஒன்று தெரிந்தால், அது நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் எழுந்திருக்காதீர்கள், பேசாதீர்கள். ஏறிவரும் நேரத்தில்தான் ஆமை மிகவும் மிரளும். ஒரு வெளிச்சம், ஓர் அசைவு போதும், திரும்பிப் போய்விடும்.

மேலே வந்ததும் முன் துடுப்பால் மணலை வாரி எறிந்து உடல் கொள்ளும் பள்ளம் தோண்டும். பிறகு பின் துடுப்புகளால் முட்டைக்குழி. ஒரு துடுப்பு குழிக்குள் இறங்கி ஒரு கை மணலை அள்ளி வெளியே வைக்கும், அடுத்தது இறங்கும். தன் கண்ணால் பார்க்கவே முடியாத ஓரிடத்தில் இவ்வளவு நேர்த்தியாகத் தோண்டுவதைப் பார்க்கத்தான் நான் எல்லோரையும் இங்கே போகச் சொல்கிறேன். வேர் தட்டினாலோ, உலர்ந்த மணல் சரிந்தாலோ விட்டுவிட்டு வேறிடம் தேடும். சில இரவு முட்டையிடாமலே கடலுக்குப் போய்விடும்.

மணல் எறிவது நின்று உடல் அமைதியானால் முட்டை விழத் தொடங்கியிருக்கிறது. அதன்பிறகே பின்பக்கமாக, தாழக் குனிந்து நெருங்கலாம்; டார்ச்சும் சிவப்பு ஒளி, தரையைப் பார்த்தபடி. தலைக்கு நேரே போகாதீர்கள், பிளாஷ் போடாதீர்கள். டேபிள் டென்னிஸ் பந்து அளவில் நூறுக்கு மேல் முட்டைகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படிப் பல தடவை வந்துவிட்டு, அடுத்த பருவங்களில் வராமல் சில ஆண்டுகள் இடைவெளி விடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். மணல் சூடு அதிகமானால் பெண், குறைந்தால் ஆண். 1920களில் இதே தீவில் ஆமை சூப் தயாரித்து டப்பாவில் அடைக்கும் ஆலை நடந்தது. அந்த ஆலை இருந்த கரையில்தான் இன்று ஆமைகள் யார் தொல்லையும் இல்லாமல் முட்டையிடுகின்றன.

குழியை மூடத் தொடங்கியதும் பின்வாங்குங்கள். அந்த வேலை நீண்ட நேரம் நடக்கும், மணல் உங்கள் முகத்திலும் அடிக்கும். திரும்பும் வழியில் நீர் வற்றிவிட்டால் ஆமை திட்டில் தங்கிவிடலாம். அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க அதற்குத் தெரியும், தள்ளிவிட முயல வேண்டாம். எங்காவது பவள இடுக்கில் சிக்கியோ, வெயிலில் மல்லாந்தோ கண்டால் மட்டும் பணியாளரிடம் சொல்லுங்கள். துடுப்பில் உலோகப் பட்டை தெரிந்தால் அது ஆய்வுக்காகப் போட்டது.

ஒரே இரவுதான் இருக்கிறதா?

படகு பிற்பகலில் இறக்கிவிட்டு மறுநாள் ஏற்றிக்கொண்டால் இவ்வளவும் கைகூடாது. அப்படியென்றால் இரவு ஆமையையும் விடியற்காலை ஷியர்வாட்டரையும் விடாதீர்கள், தூக்கத்தைப் படகில் பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் காலை அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறியிருந்தால் நீச்சல், வற்றியிருந்தால் திட்டு நடை, இரண்டில் ஒன்று போதும். காடு எந்த நேரத்திலும் அங்கேயே இருக்கும். இரண்டு இரவு எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். முதல் இரவு ஆமை வராவிட்டால் அடுத்த இரவு இருக்கும். கிளம்பும்போது பையை ஒருமுறை உதறிப் பாருங்கள். சங்கு, பவளத் துண்டு எதுவும் தீவை விட்டு வெளியே எடுத்துப்போகக் கூடாது. காலியான சங்குக்கும் முனிவர் நண்டு ஒன்று குடியேறக் காத்திருக்கும்.